சீனி தொடாத சாட்சி

"இந்தப் பொம்பளையை இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்கப் போறேன். அதுக்குள்ள உங்க சார் அந்தக் கிருமி ஜாதகத்தைப் படிச்சு முடிச்சா நல்லது. முடிக்கலைன்னா அவர் பாட்டுக்குப் படிக்கட்டும், நான் என் வேலையைப் பாக்கேன்."

இன்ஸ்பெக்டர் பாண்டிதுரை இதை என்னிடம்தான் சொன்னார். சார் ரெண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார், நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டர் மெர்வினோடு நேருக்கு நேர் பேச யாருக்கும் பிடிக்காது. அவர் எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், கை நகத்தைப் பார்ப்பார். பாண்டிதுரை அதற்குள் ரெண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டிருந்தார்.

என் பெயர் மகாலட்சுமி. ராஜபாளையத்துக்காரி, லேப் டெக்னீஷியன். எங்கள் பக்கம் நாலு பேருக்குச் சேர்ந்தாற்போல் வயிற்றால் போனால் மெர்வின் சாரை மதுரையிலிருந்து அனுப்பிவைப்பார்கள். சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அவரோடு அலைய வேண்டும். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே என் ஸ்கூட்டர், என் இடுப்பு வலி, என் தலைவிதி. நாலு வருஷமாக என் வீட்டுக் காப்பியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார். அவ்வளவு நம்பிக்கை.

நாங்கள் நின்றது ஸ்ரீவில்லிபுத்தூரில், சுந்தரம்மாளின் பால்கோவாக் கடை வாசலில். கதவில் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு சீல். உள்ளே பால் காய்ச்சும் வாசனை இல்லாமல் அந்தத் தெருவே வேற்று ஊர் மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ரெண்டு விசேஷம். ராஜபாளையத்தில் ஒரு சர்ச்சில் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசன விருந்து, மகாராஜபுரத்தில் ஒரு காதுகுத்து. மறுநாள் சர்ச் ஆட்கள் இருபத்தாறு பேர், காதுகுத்துக்குப் போனவர்கள் பதினொரு பேர், வாந்தி பேதி காய்ச்சல் என்று படுத்தார்கள். ரெண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது சுந்தரம்மாள் கடைப் பால்கோவா மட்டும்தான். அதிகாரிகள் வந்து கடையைச் சோதித்தார்கள். பால் கேன் கழுவுகிற சாக்கடையில் சால்மொனெல்லா என்ற கிருமி கிடைத்தது. நோயாளிகள் வயிற்றிலும் அதே சால்மொனெல்லா. அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டார்கள்.

எல்லாரும் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒரே ஒரு பிள்ளையைத் தவிர. வின்சி, ஏழு வயது. அசன விருந்தில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். அஞ்சாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டது, சாம்பிளிலும் கிருமி இல்லை. எட்டாம் நாள் மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் கிருமி. இன்னொரு தடவை இப்படி வந்தால் அந்த உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்று நேற்று டாக்டர் கையை விரித்திருக்கிறார்.

நடுவில், ஆறாம் நாள், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சுந்தரம்மாளைப் பார்த்திருக்கிறார்கள். பாண்டிதுரைக்கு அது போதாதா? பிள்ளை செத்துவிட்டால் கொலைக் கேஸ், அதனால் இப்போதே அமுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். வின்சியின் அப்பா நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து புகாரில் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

இன்ஸ்பெக்டர் ஜீப் ஏறிப் போனதும் சார் சுந்தரம்மாளிடம் திரும்பினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது கண் வீங்கியிருந்தாலும் குரலில் காரம் குறையவில்லை.

"ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஏன் போனீங்க?"

"புள்ளையைப் பாக்கப் போனேன். என் கடைப் பண்டத்தைத் தின்னு ஒரு புள்ளை கெடக்குன்னு ஊரே சொல்லுது. கேட்டுக்கிட்டு வீட்ல உக்காந்து சோறு திங்கச் சொல்லுதியளா?"

"கையில என்ன கொண்டு போனீங்க?"

"நாலு ஆரஞ்சு. அவ ஆத்தா ஏசம்மா அதைப் புடுங்கி என் மூஞ்சியிலேயே எறிஞ்சிட்டா. வார்டுக்குள்ள காலு வைக்கலை சார் நான்."

நான் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை மாதிரித்தான் இருந்தது. ஆனால் சாரோடு அலைந்து அலைந்து எனக்கும் அவர் வியாதி தொற்றிவிட்டது. உண்மை மாதிரி இருந்தாலே சந்தேகம் வருகிறது. கடை பூட்டிக் கிடக்கிற கோபத்தில் மனுஷி என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம் அல்லவா?

அப்போதுதான் சாரின் செல்போன் சிணுங்கியது. மதுரை லேபிலிருந்து ரிப்போர்ட். அவர் படிக்கப் படிக்க மூக்கு நுனி சிவந்தது. சந்தோஷம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.

"மகா, ராஜபாளையத்துல மகாலட்சுமின்னு எத்தனை பேர் இருப்பாங்க?"

"எங்க தெருவுலயே ஏழு பேர் சார்."

"அதுல ஒரு மகாலட்சுமி திருடினா ஏழு பேரையும் பிடிப்பாங்களா?"

"எங்க மாமியார் கையில விட்டா என்னை மட்டும் பிடிப்பாங்க."

"இங்கயும் அதுதான் நடந்திருக்கு. சால்மொனெல்லாங்கறது வெறும் பேரு. அந்தப் பேர்ல ஆயிரம் குடும்பம் இருக்கு. ஆளை அடையாளம் பிடிக்கணும்னா மரபணுவை முழுசா, எழுத்து எழுத்தா வாசிக்கணும். ஒரு கிருமிக்கு நாப்பத்தெட்டு லட்சம் எழுத்து. வாசிச்சாச்சு. அசனத்துல படுத்தவங்க, காதுகுத்துல படுத்தவங்க, எல்லார் வயித்துலயும் ஒரே குடும்பம். ஒண்ணு ரெண்டு எழுத்துதான் வித்தியாசம். ஆனா இந்தம்மா கடைச் சாக்கடையில கிடைச்சது வேற குடும்பம். பல ஆயிரம் எழுத்து ஒட்டவே இல்லை."

சுந்தரம்மாள் புரியாமல் என்னைப் பார்த்தார். "உங்க சாக்கடைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லுதாரு" என்றேன்.

"அதைப் போயி அந்தப் போலீஸ்காரன்கிட்டச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லிக்கிட்டு."

கொழுப்பைப் பாருங்கள். ஆனால் சொன்னதில் தப்பில்லை. கடைக்கு வெளியே, பாலிலிருந்தோ தட்டிலிருந்தோ வேறு எங்கிருந்தாவது பால்கோவாவில் கிருமி ஏறியிருக்கலாமே என்று பாண்டிதுரை கேட்பார். ரெண்டு விசேஷத்துக்கும் பால்கோவாவைத் தவிர வேறு தொடர்பு காட்டாமல் அவர் வாயை அடைக்க முடியாது.

சார் நோயாளிகள் பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'காரணம்' என்ற கட்டத்தில், ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மேலிருந்து கீழே வரை பால்கோவா, பால்கோவா, பால்கோவா.

"இதை எழுதினவர் ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருப்பாரா மகா?"

"பேனா மூடியைத் திறந்ததே பெரிய விஷயம் சார்."

"சர்ச்ல இருபத்தாறு, காதுகுத்துல பதினொண்ணு. மொத்தம்?"

"முப்பத்தேழு."

"பட்டியல்ல முப்பத்தெட்டு பேர் இருக்காங்க."

எண்ணிப் பார்த்தேன். சனியன், முப்பத்தெட்டுதான். கடைசிப் பெயர் தங்கச்சாமி, வயது அறுபத்தாறு, வாட்ச்மேன், ராஜபாளையம். அதே வாரம் அதே ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் கிடந்தவர் என்பதால் அவரையும் கும்பலோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அவர் வயிற்றுக் கிருமியும் அதே குடும்பம். வின்சியின் கிருமிக்கும் அவருடையதுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ஐயா, நீங்க என்னைக்குப் பால்கோவா சாப்பிட்டிய?"

"யாருலே அது? நான் சீனி தொட்டுப் பதினோரு வருசமாச்சு! காலுல விரலை எடுத்துட்டு நிக்கேன், பால்கோவாவாம் பால்கோவா! ஏட்டி, யாரு வீட்டுப் புள்ள நீ?"

"அசன விருந்துக்குப் போனியளா? மகாராஜபுரம் காதுகுத்துக்கு?"

"என்னை எவன் கூப்பிடுதான்? கம்பெனி கேட்டை விட்டு நான் எங்க போக?"

சார் ஏற்கெனவே ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தார். அதை நேராக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

* * *

மத்தியானம் ஒரு மணி வெயிலில் ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். தங்கச்சாமி காவல் காப்பது ஊருக்கு வெளியே ஒரு பேண்டேஜ் கம்பெனி. காயத்துக்குக் கட்டுகிற மருத்துவத் துணியை நெய்து, வெளுத்து, மடித்து அனுப்புகிற இடம். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. வீட்டுக்கு ஒருவர் மில்லில் இருப்பார் அல்லது பேண்டேஜில் இருப்பார். என் தம்பியே அஞ்சு வருஷம் துணி மடித்தவன்தான்.

தங்கச்சாமி பழைய பட்டாளத்துக்காரர். போனில் திட்டியவர் நேரில் சல்யூட் அடித்தார். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மூலையில் மண்பானை.

சார் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? கேப்பைக் களி. யார் சமைப்பது? நானே. ஓட்டல்? கிடையாது. முட்டை? கிடையாது. கோழி? ஈஸ்டருக்கு. பால்? டீக்கு மட்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க.

ஒன்றும் பிடிபடவில்லை. மணி ஒன்றரை. எனக்குத் தொண்டை காய்ந்துபோயிருந்தது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்ட தங்கச்சாமி, மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் மோரைக் கோரி நீட்டினார். "குடி தாயி. வெயிலுக்கு நல்லது. நான் மூணு வேளையும் இதான்."

டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டேன்.

"மகா." சார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நாலு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பானையின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். வலை மாதிரி மெல்லிய துணி. "இது என்ன துணி ஐயா?"

தங்கச்சாமிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நம்ம கம்பெனி பேண்டேஜ் துணி சார். தயிரைக் கடைஞ்சு இதுல வடிச்சா ஒரு திப்பி வராது. ஆபரேஷனுக்குப் போற துணியாக்கும்! இதை விடச் சுத்தமான துணி இந்த ஊருல ஏது?"

"துவைச்சீங்களா?"

"எதுக்குத் துவைக்க? ஆஸ்பத்திரித் துணியை நம்ம ஊருத் தண்ணியில முக்கி அழுக்காக்கவா? அலசக்கூட வேண்டாம், அப்படியே கட்டும்னு சூப்பர்வைசரே சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதை ராஜபாளையத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். நானும் சொல்வேன். என் தம்பி கொண்டுவந்த துணியில்தான் என் வீட்டில் தயிர் தொங்குகிறது. என் பிள்ளைக்குக் கேழ்வரகுப் பால் பிழிந்ததும் அதில்தான். லேபில் பத்து வருஷம் கிருமியோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே ஒரு நாளும் தோன்றவில்லை. பேண்டேஜ் துணி என்றாலே சுத்தம், அவ்வளவுதான். அதற்கு மேல் யார் யோசித்தது?

"மகா, இந்தத் துணி எந்தக் கட்டத்துல சுத்தமாகுது?"

"பாக்கெட் போட்டு ஒட்டின பொறவு சார். அந்தப் பாக்கெட்டைக் கிருமி கொல்லுத பெட்டிக்குள்ள வச்சு எடுப்பாங்க. அதுக்கு..." என்று இழுத்தேன்.

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால அது வெறும் துணிதான் சார்."

சார் தங்கச்சாமியிடம், துணி காய்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். கிழவர் தயங்கவில்லை. அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பின்பக்கம் ஒரு மைதானம். கம்பு நட்டுக் கயிறு கட்டி, தெரு நீளத்துக்கு வெள்ளைத் துணி தொங்கியது. "முன்னெல்லாம் முன்பக்கக் களத்துலதான் காயும்" என்றார் தங்கச்சாமி. "அங்க புது ஷெட்டு போடுதாவ. ஒரு மாசமாத்தான் இங்க. போன மாசக் கடைசியில மழை வேற. ஈரம் போகுமுன்னே மடிச்சு அடுக்குனாவ."

மைதானத்தை ஒட்டி மக்காச்சோளக் காடு. அதிலிருந்து மயில்கள் வந்தன. ஒன்று ரெண்டு இல்லை, பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். கம்பின் உச்சியில் ஒன்று, கயிற்றின் மேல் நாலு, துணிக்குக் கீழே மீதி. அழகாகத்தான் இருந்தன. கயிற்றில் இருந்த ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு, கீழே தொங்கிய வெள்ளைத் துணியில் தன் வேலையை முடித்துவிட்டுப் பறந்தது.

"முருகா" என்றேன்.

"வாகனத்தை அனுப்பினதே அவர்தான், அவர்கிட்டயே முறையிட்டா எப்படி?" என்றார் சார். ஜோக் அடிக்கிறாராம். மூக்கு நுனி பழமாகச் சிவந்திருந்தது. "பறவை எச்சத்துல சால்மொனெல்லா சகஜம். எடு சாம்பிள்."

துணியில் ஒன்று, எச்சத்தில் நாலு, மோர்ப் பானையில் ஒன்று என்று எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சார் தங்கச்சாமியிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தத் துண்டுத் துணியை வெளியாளுக்கும் குடுப்பாங்களா?"

"கேட்டவியளுக்கெல்லாம் குடுப்பாரு எங்க சூப்பர்வைசரு. தங்கமான மனுசன். ஓரத்துல கிழிஞ்ச துண்டைக் குப்பையில போட மனசு வராது அவருக்கு. போன மாசம் அசன விருந்துக்குன்னு ஒரு பை நிறையக் கொண்டு போனாரு. மடிப்பு செக்‌ஷன்ல மாரீஸ்வரின்னு ஒரு புள்ள, மகாராஜபுரம், அண்ணன் மகளுக்குக் காதுகுத்துன்னு கேட்டா, அவளுக்கும் குடுத்தாரு. ரெண்டு எடத்துலயும் மோரு வடிக்கத்தான்."

சர்ச், மகாராஜபுரம், தங்கச்சாமி, மூன்றும் ஒரே துணியில் வந்து நின்றன. பால்கோவாவே வேண்டாம். துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது எனக்கு.

"அவரைப் பார்க்கணுமே. உள்ள இருக்காரா?" என்றார் சார்.

"எங்க வாராரு? பதினோரு நாளா லீவு. மகளை ஆஸ்பத்திரியில போட்டுட்டு நாயா அலையுதாரு பாவம். நேசையன்னு பேரு. அந்த வின்சிப் பாப்பாவோட அப்பா."

என் குதிப்பு அப்படியே அடங்கியது. சுந்தரம்மாள் மீது நாலு மணிக்குப் புகார் கொடுக்கப்போகிறவர் இந்த நேசையன்தான்.

* * *

மூணு மணி நாற்பது நிமிடத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இருந்தோம். வழியில் ஒரே ஓர் இடத்தில்தான் வண்டியை நிறுத்தினேன். என் மாமியாருக்குப் போன் போட்டு, தயிர் கட்டுகிற துணியை அடுப்பில் போடச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றார். "போடுங்க, வந்து சொல்லுதேன்" என்றேன். கல்யாணமான இந்தப் பதினாலு வருஷத்தில் நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் செய்தது அன்றைக்குத்தான்.

உள்ளே பெஞ்சின் ஒரு முனையில், முன்கூட்டியே கூட்டிவந்து உட்காரவைத்த சுந்தரம்மாள். மறுமுனையில் நேசையன். நாற்பது வயது, நாலு நாள் தாடி, மடியில் புகார் மனு. இருவருக்கும் நடுவில் ஒரு கான்ஸ்டபிள், அடிதடி வராமல் இருக்க.

சார் இன்ஸ்பெக்டர் மேஜையில் ரிப்போர்ட்டை வைத்தார். நகத்தைப் பார்க்காமல், முதல் தடவையாகப் பாண்டிதுரையின் முகத்தைப் பார்த்துப் பேசினார். கிருமிக் குடும்பம், முப்பத்தெட்டாவது ஆள், மோர், துணி, மயில், எல்லாம் சொல்லி முடித்தார். "துணியோட ரிசல்ட் வர நாலு நாள் ஆகும். அதுவரை இது என் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை."

நேசையன் எழுந்துவிட்டார்.

"என்ன சார் பேசுதிய? நான் நல்லது நெனைச்சுக் குடுத்த துணி சார் அது! சரி, அசனத்துல அந்த மோரால வந்துச்சுன்னே வச்சிக்கிடுவோம். என் மகளுக்கு அஞ்சாம் நாளு சரியாயிட்டே! பொறவு எட்டாம் நாளு எப்படி வந்துச்சு? ஆஸ்பத்திரியில ஏது மோரு? நடுவுல வந்தது இவ ஒருத்திதான்!"

பாண்டிதுரை நாற்காலியில் சாய்ந்தார். "நியாயமான கேள்வி டாக்டர். அந்தப் புள்ளைக்கு யாரோ திரும்பக் குடுத்திருக்கான். யாரு?"

வழியெல்லாம் நாங்களும் அதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தோம். நான் சுந்தரம்மாளின் கையைப் பார்த்தேன். அந்த நாலு ஆரஞ்சு ஞாபகம் வந்தது.

சார் நேசையனிடம் மெதுவாகக் கேட்டார். "அஞ்சாம் நாளுக்குப் பொறவு பாப்பா என்ன சாப்பிட்டா?"

"கஞ்சி. வீட்டுக் கஞ்சி குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

"யார் குடுப்பாங்க?"

"ஏசம்மாதான். வேற ஒருத்தர் கையால ஒரு சொட்டுத் தண்ணி கூடக் குடுக்கலை சார். அந்த நம்பிக்கையே எனக்குப் போச்சு. நர்ஸ் குடுத்த பிஸ்கட்டைக்கூட வாங்கித் தூரப் போட்டேன். நானே அரிசி கழுவி, நானே காய்ச்சி, ஆற வச்சு, நானே வடிகட்டி பிளாஸ்க்ல ஊத்திக் குடுத்துவிடுதேன். அம்புட்டு பத்திரமாப் பாத்தும்..."

"எதுல வடிகட்டுவீங்க?"

நேசையன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அந்த முகத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

"கம்பெனித் துணி" என்றார் கடைசியில். "வேற எந்தத் துணியை நம்ப? இதுதான் சுத்தம்னு... ஒவ்வொரு வேளைக்கும் புதுத் துண்டு எடுத்து..."

"கடைசியா எப்போ குடுத்துவிட்டீங்க?"

"மத்தியானம். நாலு மணிக் கஞ்சிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஆறு நிமிடம்.

நேசையன் செல்போனை எடுத்தார். ரெண்டு தடவை தப்பு நம்பர். மூன்றாவது தடவை மணி அடிக்கத் தொடங்கியதும் போன் கையிலிருந்து நழுவியது. மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

போனைக் குனிந்து எடுத்தது சுந்தரம்மாள்.

"ஏட்டி ஏசம்மா! நான் பால்கோவாக் கடை சுந்தரம்மா பேசுதேன். வச்சிராத! புள்ளைக்கு அந்தக் கஞ்சியைக் குடுக்காத!"

ஸ்பீக்கர் போடாமலே மறுமுனை எங்களுக்குக் கேட்டது. "என் புருசன் போனு ஒன் கையில எப்படிட்டி வந்துச்சு? அவியள என்ன செஞ்ச?"

"அவியளுக்கு ஒண்ணுமில்லை, இங்கதான் இருக்காவ. கஞ்சியைக் கீழ ஊத்து! அதுலதான் கிருமி இருக்கு!"

"என் புருசன் காய்ச்சுன கஞ்சியில கிருமியா? சண்டாளி, என் புள்ளையை அன்ன ஆகாரம் இல்லாமக் கொல்லப் பாக்கியா? நீ வேண்டாம்னா குடுத்தே தீருவேன்!"

"நீ என்னை நம்ப வேண்டாம்ட்டி! சென்மத்துக்கும் நம்ப வேண்டாம்! ஒரு ரெண்டு நிமிசம் பொறு, அம்புட்டுதான் கேக்கேன்!"

சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, நேசையனின் சட்டையைப் பிடித்து உலுக்கி, போனை அவர் வாயில் இடித்து வைத்தார். "பேசுய்யா! அழுகையைப் பொறவு வச்சிக்கிடலாம், பேசு!"

"ஏசம்மா!" நேசையன் அலறினார். "ஊத்திரு! நான்தாம்மா! என் துணியாலதான் எல்லாம்... ஊத்திரு!"

மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம். அதன் பின்னால் ஒரு சின்னக் குரல், "எதுக்கும்மா கொட்டுத? எனக்குப் பசிக்கி" என்றது.

சார் அதற்குள் தன் போனில் ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடித்து, வெளிச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு கம்பெனி முதலாளிக்கு. அதன் பிறகு நேசையனிடம் உட்கார்ந்து, வேறு யார் யாருக்குத் துணி போனது என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார். எட்டு வீடு. எட்டுக்கும் நானே போன் போட்டேன்.

எல்லாம் முடிந்தபோது மணி நாலரை. நேசையன் மடியிலிருந்து நழுவிக் கிடந்த புகார் மனுவை எடுத்தார். பேனா கேட்டார். சுந்தரம்மாள் என்ற பெயரை அடித்துவிட்டு, அதன் மேல் தன் பெயரை எழுதி, அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதி, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

பாண்டிதுரை அதை வாங்கவில்லை. "இதை நான் எந்தக் கணக்குலய்யா சேக்க? போய் புள்ளையைப் பாரும்."

நேசையன் நகரவில்லை. சுந்தரம்மாள் பக்கம் திரும்பினார். கும்பிடத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது. "அக்கா..." என்றார்.

சுந்தரம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்தது.

"அக்காவாம்! என் வாசல்ல வந்து நின்னு, என் குலமே விளங்காதுன்னு சொன்ன. பத்து நாளா எங்க தெருவுல ஒருத்தி எனக்குத் தண்ணி தரலை. ஒன்னை நான் சும்மா விட்டிருவேன்னு நெனைக்காத."

நேசையன் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"புள்ளை பொழைச்சு வீட்டுக்கு வரட்டும்" என்றார் சுந்தரம்மாள், முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே. "ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, தெரு முழுக்கக் கேக்குத மாதிரி ஒன்னோட சண்டை போடுதேன். இன்னைக்கு என்னால ஏலாது. எந்திரிச்சு ஓடு, புள்ளை பசியோட கெடக்கு."